ஒலிப்பதிவும் பதிப்பே: கூனிமேட்டுக் கடற்கரையை முன்வைத்துப் பல்தட ஒலிப்பதிவு குறித்த ஒரு கருத்துரை

தமிழ்த்துறைகளில் ஏற்கப்படும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளுக்கு ஏறத்தாழ ஒரே அமைப்பு உண்டு. முதலில் பாடல்கள் வரும். அடுத்துத் தகவலாளர் பட்டியல் வரும். அப்பட்டியலில் பெயர், அகவை, ஊர், தொழில், கல்வி ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். பாடல் எக்கருவியால் பதிவாயிற்று, ஒலிவாங்கி யார் முன் இருந்தது, அப்போது சுற்றிலும் எத்தனை பேர் பாடினர், எழுத்தில் வந்த அடி அவர்களுள் எவர் வாயிலிருந்து வந்தது என்பவற்றுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. களத்தில் எடுத்த ஒலிக்கோப்பு, எழுத்துப்பெயர்ப்பு முடிந்தவுடன் சாரம் கட்டிய மூங்கிலைப் போல அகற்றப்படுகிறது. வாய்மொழித் தேர்வில் பாடலின் பொருள் குறித்து வினாக்கள் எழுகின்றன; அப்பாடலைக் கேட்க வேண்டும் என்று தேர்வாளர் விரும்பிக் கேட்பது அரிது.

இதே துறைகள் சுவடிப் பதிப்பில் காட்டும் கண்டிப்பு வேறு வகையானது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த கையெழுத்துப் பிரதிகள் எங்கிருந்து வந்தன, எவர் உதவினர் என்பதை முகவுரையில் எழுதிவைத்தார். ஏட்டின் நிலை, சிதைந்த இடம், பிரதிகளுக்கிடையே காணும் வேறுபாடு ஆகியவற்றைச் சொல்லாத பதிப்பைத் தமிழ்ப் புலமையுலகம் இன்று நம்புவதில்லை. வாய்மொழிப் பனுவலுக்கு மட்டும் இந்த நெறி ஏன் தளர்கிறது? ஒலிப்பதிவு உள்ளதை உள்ளவாறே படி எடுக்கும் பொறிச்செயல், அதில் பதிப்பாசிரியரின் கை இல்லை என்ற எண்ணமே காரணமாகத் தோன்றுகிறது. அவ்வெண்ணம் தவறு. ஒலிவாங்கியை வைக்கும் இடம், முன்பெருக்கியில் திருப்பும் அளவு, இலக்கமாக்கியில் தேரும் வீதம் ஆகிய ஒவ்வொன்றும் பாடத்தேர்வு, ஒலிப்பதிவே முதற்பதிப்பு. பலர் கூடி நிகழ்த்தும் வழக்காறுகளைப் பொறுத்தவரை, பல்தட முன்பெருக்கியும் இலக்கமாக்கியும் தமிழாய்வுக்குரிய அடிப்படைக் கருவிகள் என்பதும், அவற்றைக் கையாண்ட முறையை அறிவிப்பது ஆய்வாளரின் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

கூனிமேட்டின் ஓசைகள்

இக்கருத்தை வெறுங்கோட்பாடாகப் பேசுவதினும் ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே அமைந்தது கூனிமேடு. கிழக்கே கடலும் மீனவர் குப்பங்களும். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். மேற்கே 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை ஆய்வாளர் மரக்காணத்தோடு பொருத்திக் காட்டுவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே ஒரு பண்டகசாலை இருந்தது. அதன் ஆவணங்களில் இவ்வூர் ‘கோனிமீர்’ என்ற சாயலில் இடம்பெறும். கம்பெனிக்காரர் துணிக்கட்டுகளை எண்ணினர். கரையில் பாடியவரை எண்ணவில்லை. சிறுபாணாற்றுப்படைப் புலவரோ, கொற்கைப் பகுதியைச் சொல்லுமிடத்தில், உமணச் சிறுவரோடு மந்தி ஆடும் கிலுகிலுப்பையில் முத்தும் கிளிஞ்சிலும் இருந்ததைக்கூட விட்டுவிடவில்லை. நெய்தல் நிலத்தின் ஓசையைக் குறித்துவைப்பதில் சங்கப் புலவர் காட்டிய அக்கறை, இன்றைய ஆய்வேட்டுப் பின்னிணைப்பில் இல்லை என்பது சற்றே நாணத்தக்கது.

இக்கடலோரத்திலும் இதைச் சூழ்ந்த ஊர்களிலும் களப்பணி செய்வோர் எதிர்கொள்ளக்கூடிய ஒலிச்சூழல்களுள் மூன்று, ஒற்றை ஒலிவாங்கிக்கு அடங்குவதில்லை. ஒன்று, கரைவலை இழுப்பின் அம்பாப் பாட்டு. இரண்டு, திரௌபதியம்மன் விழாக்களில் விடிய விடிய நிகழும் தெருக்கூத்து. மூன்று, உப்பளத்து வேலையின்போது பாத்திக்குப் பாத்தி குரல் கொடுத்துப் பேசும் பேச்சு. தொழிற்சொற்களையும் வட்டார வழக்கையும் திரட்டுவோர்க்கு வேலைக்கு இடையே பிறக்கும் அப்பேச்சே முதன்மைச் சான்று. நிழலில் அமர்த்திக் கேட்கும் நேர்காணல் அதற்கு ஈடாகாது. இம்மூன்றுக்கும் பொதுவானது, பேசுவோரும் பாடுவோரும் பலர், அவர்கள் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன என்பதே. போதாக்குறைக்குக் காற்றும் அலையும் சாலைப் பேருந்துகளும் உண்டு.

அம்பாவை எடுத்துக்கொள்ளலாம். கரைவலையின் இரு கயிறுகளை இரு குழுவினர் இழுப்பர். தொடக்கத்தில் அவர்களுக்கிடையே நெடுந்தொலைவு இருக்கும். வலை நெருங்க நெருங்க இரு குழுவும் ஒன்றையொன்று அணுகும். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே, 100 மீட்டர் அப்பால் நிற்கும் குழுவின் குரல் இக்குழுவை எட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இரு குழுவும் பாடுமாயின், நடுவில் நிற்பவர் கையிலுள்ள செல்பேசியில் பதிவாவது ஒரு பாட்டாக இராது. ஒரு குழுவினர் கேட்ட பாட்டாகவும் இராது. அதை எழுத்தில் பெயர்த்து ‘அம்பாப் பாடல்’ எனத் தலைப்பிடும்போது, எடுத்துக்கொடுப்பவர் அடியும் ஏற்பவர் அடியும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்குபட அடுக்கப்படுகின்றன. கரையில் அவை அப்படி வருவதில்லை. ஏற்பவர் குரல் முடியுமுன்னே அடுத்த அடி புறப்படும். அந்த மேலேற்றத்தில்தான் இழுப்பின் விசை இருக்கிறது. யாப்பு நோக்கில் அம்பாவை ஆராய்வோர் சீர் பிரித்து எண்ணுவது பெரும்பாலும் எழுத்துப்பெயர்ப்பாளர் அமைத்த சீர்களையே.

கருவியும் பாடமும்

ஒலிவாங்கியிலிருந்து புறப்படும் மின்குறி மிக மெல்லியது. மனிதக் குரலுக்குச் சில மில்லிவோல்ட்டு அளவே தேறும். அதைப் பயன்படத்தக்க அளவுக்கு உயர்த்துவது, பொறியாளர் ‘ப்ரீ-ஆம்ப்’ என்று அழைக்கும் முன்பெருக்கி. 40 டெசிபல் உயர்த்தினால் மின்னழுத்தம் நூறு மடங்கு. 60 டெசிபலுக்கு ஆயிரம் மடங்கு. இவ்வளவு பெருக்கும்போது தன் இரைச்சலைக் கூட்டாமல் இருப்பதே முன்பெருக்கியின் தரம். அடுத்து நிற்கும் இலக்கமாக்கி, பெருக்கிய அலையை நொடிக்கு 48,000 முறையோ 96,000 முறையோ அளந்து எண்களாக மாற்றுகிறது. 16 பிட் அளவீட்டில் ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகவும், 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளுள் ஒன்றாகவும் பதியும். ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரல் விம்மலில் தாழ்ந்து மறையும் இடத்தையும், அடுத்த நொடியே வெடித்தெழும் இடத்தையும் ஒரே அமைப்பில் பிடிக்க வேண்டுமாயின் இந்த நுண்படிகள் வேண்டும். ஒலி–ஒளி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ., பாதுகாப்புப் படிகளுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதைக் குறைந்த அளவாகவும் 96 கிலோஹெர்ட்ஸை விரும்பத்தக்க அளவாகவும் கூறியிருப்பது அறியத்தக்கது.

செல்பேசி இதைச் செய்யாதா எனின், செய்யும். ஆனால் கேளாமலே திருத்தும். அதன் இயல்பான பதிவு அமைப்பு, குரல் தாழும்போது தானே பெருக்கி, உயரும்போது தானே குறைக்கும். தொடர்ந்து ஒலிப்பதை இரைச்சலென்று கருதி அடக்க முயலும். இறுதியில் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. நாட்டார் பாடலுக்கு அது தீங்கு செய்கிறது. ஏடு பெயர்த்தெழுதியோருள் சிலர், தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றி எழுதிவிட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தமிழ் மாணவர் அறியாததன்று. செல்பேசியும் அத்தகைய எழுத்தரே. வேறுபாடு ஒன்று: பழைய எழுத்தரின் பிழையை மற்றோர் ஏட்டைக் கொண்டு திருத்தலாம். களத்தில் ஒருமுறை நிகழ்ந்ததற்கு மற்றோர் ஏடு இல்லை.

பல்தட அமைப்பு அந்த மற்றோர் ஏட்டைத் தருகிறது. எட்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு முன்பெருக்கியில் எட்டு ஒலிவாங்கிகளை இணைத்தால், ஒரே நிகழ்வின் எட்டுச் சான்றுகள் கிடைக்கும். அவை ஒரே கடிகாரத்தின் துடிப்புக்கு அளக்கப்படுவதால் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் பொருந்தும். ‘எட்டுச் செல்பேசிகளை எட்டுப் பேரிடம் கொடுத்தால் ஆகாதா’ என்ற வினா இயல்பானது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக்கடிகாரம். இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகும். எட்டு மணி நேரக் கூத்தின் முடிவில் விலகல் அரை நொடியைத் தாண்டும். எடுத்துக்கொடுத்தவர் யார், ஏற்றுப் பாடியவர் யார் என்பதை முடிவுசெய்யும் கால இடைவெளி பெரும்பாலும் அந்த அரை நொடிக்கும் குறைவானதே.

பின்பாட்டு யாருடையது

தெருக்கூத்தில் இது வெறும் நுணுக்கமாக நின்றுவிடுவதில்லை. வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவர். முகவீணை அவ்வடியின் வடிவை நீட்டும். மத்தளக்காரர் அடவுக்கு ஏற்ப இழுத்தும் நெருக்கியும் அடிப்பார். அனுபவம் குறைந்த வேடக்காரர் அடி மறந்து நிற்கையில், பின்பாட்டிலிருந்து வாத்தியாரே அடியை எடுத்துக்கொடுத்துவிடுவதும் உண்டு. பார்வையாளர் வரிசையில் வைத்த ஒற்றைக் கருவியில் பதிவாவது, கொம்புக்குழல் ஒலிபெருக்கி கலந்து வீசும் ஓசையே. அதை எழுத்தில் பெயர்ப்பவர் அடி முழுவதையும் வேடக்காரர் பெயரில் எழுதுகிறார். அச்சேறிய கூத்துப் பனுவலில் ‘துரியோதனன்’ என்று தொடங்கி வரும் அடிகளுள் எத்தனை வாத்தியாருடையவை, எத்தனை பின்பாட்டுக்காரர் அவ்விரவில் புதிதாகச் சேர்த்தவை என்பதற்குச் சான்று இல்லாமற் போகிறது. ஆசிரியத்துவம் பற்றிய வினா இது. ஒரு கலைஞரின் ஆக்கம் மற்றவர் கணக்கில் ஏறுவதைப் பற்றியது.

இதற்கு வழி கடினமன்று. கூத்துக்களத்தின் மேலே தொங்கும் ஒலிவாங்கிகளுக்கு இரண்டு தடம், பின்பாட்டுக்கு ஒன்று, முகவீணை, ஆர்மோனியம், மத்தளம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, மக்கள் அமர்ந்திருக்கும் பக்கத்தில் ஓர் இணை என்று எட்டும் நிரம்பும். இறுதியிற் சொன்ன இணை முதன்மையானது. மற்ற ஆறும் அணுகிக் கேட்பவை. அவ்விணை ஊரார் கேட்டதைக் கேட்பது. பதிப்புமொழியில் சொன்னால், இணைத்தடத்தை மூலபாடமாகவும் தனித்தடங்களைப் பாடவேறுபாடு அறிவதற்கான பிரதிகளாகவும் கொள்வதே முறை. தனித்தடங்களை மட்டும் எடுத்து ஒப்பனைக்கூடத்தில் கலந்து ‘தூய’ பதிவு என வெளியிடுவது, உரைகளையெல்லாம் நீக்கிவிட்டு மூலத்தைத் தாமே புதிதாக எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

கருவி மாறும்போது கோட்பாடும் மாறும் என்பதற்கு உலக வாய்மொழி ஆய்வில் சான்றுகள் உண்டு. அவற்றுள் ஒன்று தமிழுக்கு நேரே வந்து சேர்ந்தது. 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவில் பாணர்களைப் பதிவு செய்த மில்மன் பாரி, ஒரு தட்டு நிரம்பியதும் பாட்டு அறாமல் அடுத்த தட்டுக்கு மாறும்படி இரண்டு சுழல்தட்டுகள் கொண்ட கருவியை இதற்கெனவே செய்வித்து எடுத்துச் சென்றார். பல மணி நேரம் நீளும் கதைப்பாட்டு இடையறாது பதிவானதால்தான், பாணர் மனப்பாடம் ஒப்பிப்பதில்லை, நிகழ்த்தும்போதே வாய்பாடுகளைக் கொண்டு இயற்றுகிறார் என்பதை அவரும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் நிறுவ முடிந்தது. அக்கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியே க. கைலாசபதி 1968இல் தம் தமிழ் வீரயுகப் பாடல் ஆய்வை வெளியிட்டார். சங்க இலக்கியத்தின் வாய்மொழித் தன்மை பற்றித் தமிழ்த்துறைகளில் அரை நூற்றாண்டாக நிகழும் வழக்காடலின் வேரில் அலுமினியத் தட்டும் இரட்டைச் சுழல்மேடையும் இருப்பதை அவ்வழக்காடலில் பங்கேற்போர் நினைப்பதில்லை.

பலர் சேர்ந்து பாடுவதைப் பிரித்துக் கேட்கும் தேவையை இன்னும் கூர்மையாக உணர்ந்தவர் சிமா அரோம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பல்குரல் இசையை ஆராய்ந்தபோது, கூட்டுப் பாடலிலிருந்து ஒவ்வொரு குரலையும் பிரித்தெடுக்கக் கருவி இல்லாமையால், பதிவான பாட்டைக் காதுக்கேட்பி வழியே பாடகருக்குக் கேட்பித்து, அவரவர் பகுதியை மட்டும் தனித்தனியே மீண்டும் பாடச் செய்து பதிந்தார். அரிய உத்தி. எனினும் தனித்துப் பாடுபவர் கூடிப் பாடுபவர் ஆகார். அவர் வலிந்து பெற்றதை இன்று எட்டுத் தடக் கருவி நிகழ்விடத்திலேயே தருகிறது.

தமிழ்நாட்டிலும் நிகழ்த்துதலுக்கும் பனுவலுக்கும் இடையே உள்ள தொலைவு நெடுநாளாக அறியப்பட்டதே. பிரெண்டா பெக் 1965இல் கொங்குநாட்டில் அண்ணன்மார் கதையை ஏறத்தாழ 38 மணி நேரம் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் எழுதுபவருக்குச் சொல்லிய வடிவமும் அவருக்குக் கிடைத்தது. பாடியதும் சொல்லியதும் ஒன்றாக இல்லை என்பதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். 1938இல் ஆர்னால்டு பாக்கே தென்னிந்தியாவில் செய்த பதிவுகளை எடுத்துக்கொண்டு, 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே இடங்களுக்குச் சென்று அதே வகை நிகழ்த்துதல்களை மீண்டும் பதிவு செய்து ஒப்பிட்டனர். தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்றும் அவ்வாய்வில் அடங்கின. ஒலியும் அதன் குறிப்பும் சேர்ந்து பாதுகாக்கப்பட்டதால் இயன்றது அது. பெர்சி மெக்வின் திரட்டிக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் பதிப்பித்த மலையருவியும், நா. வானமாமலையின் 1964ஆம் ஆண்டுத் தொகுப்பான தமிழர் நாட்டுப் பாடல்களும் பெருங்கொடைகளே. அக்காலத்தில் எழுதி எடுப்பதே பெரிய காரியம். ஆனால் அப்பாடல்களைப் பாடிய குரல்களிடம் திரும்பிச் செல்ல அந்நூல்களின் வழியே பாதை இல்லை. அன்று கருவி இல்லை. இன்று கருவி இருந்தும் அதே நிலையை ஆய்வேடுகள் தொடர்வதற்குச் சமாதானம் கூற இயலாது.

தடைகளும் ஐயங்களும்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் வலுவானது விலையன்று. கருவி பாட்டை மாற்றிவிடும் என்பதே வலுவானது. இழுக்கும் கரையில் கம்பிகளைப் பரப்பினால் பாட்டுக்கு முன் வேலை நின்றுபோகும். கயிறு பிடித்தவர் கால் கம்பியில் சிக்கினால் அது ஆய்வும் ஆகாது. கரைவலைக்கு எட்டுத் தடப் பெட்டி பொருந்தாது என்றே கொள்ள வேண்டும். இரு குழுவுக்கும் ஒவ்வொரு சிறு பதிவியை, பொதுக் காலக்குறியோடு, குழுவினருள் ஒருவர் இடுப்பில் கட்டிக்கொள்வதே அங்கே இயலும். தனியே அமர்ந்து தாலாட்டுப் பாடும் ஒருவர் முன் எட்டு ஒலிவாங்கிகளை நிறுத்துவது நகைப்புக்குரியது. நல்ல ஒலிவாங்கி ஒன்றும் தரமான முன்பெருக்கித் தடம் ஒன்றும் போதும். கூத்தின் நிலை வேறு. கூத்துக்குழுவினர் தொங்கும் ஒலிவாங்கிகளுக்கு நெடுங்காலமாகப் பழகியவர்கள். பாடும் அடிக்கு ஒலிவாங்கியின் கீழ் வந்து நிற்பது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அங்கே கருவியை மறைக்கத் தேவையில்லை.

உப்புக்காற்று மற்றொரு தடை; நகரத்து ஒலிக்கூடத்துக்கென எழுதப்பட்ட கையேடுகள் இதைச் சொல்வதில்லை. மரக்காணம் கரையில் இணைப்பு முனைகளில் பசுமை பூக்க நெடுநாள் ஆகாது. கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே முனைகளைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைக்காவிடில், அடுத்த விழாவுக்குள் ஒரு தடம் கரகரக்கத் தொடங்கும். திருவிழாப் பந்தலின் மின்னாக்கியிலிருந்து கருவிக்கு மின்சாரம் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் முரல்வு எட்டுத் தடத்திலும் ஏறிவிடும்; மின்கலத்தில் இயக்குவதே தக்கது. அளவை ஏற்றும்போது, மத்தளத்தின் உச்ச அடிக்கும் இலக்கமாக்கியின் உச்சிக்கும் இடையே 12 டெசிபலாவது இடம் விட வேண்டும். 24 பிட்டில் சற்றுத் தாழப் பதிவதால் இழப்பு ஏதும் இல்லை. உச்சியை முட்டிய அலையை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. முன்பெருக்கியிலிருந்து ஒளியிழைவழி எட்டுத் தடங்களை அனுப்பும் ‘ஏடாட்’ இணைப்பு 48 கிலோஹெர்ட்ஸில்தான் எட்டைத் தாங்கும். 96க்கு உயர்த்தினால் நான்காகச் சுருங்கிவிடும். உயர்ந்த எண்ணை நாடிப் பின்பாட்டையும் முகவீணையையும் இழப்பதினும், 48இல் எட்டையும் காப்பது கூத்துக்கு நன்று.

கடலலை பற்றி ஒரு சொல். பதிவுகளிலிருந்து அலையோசையை வடிகட்டி நீக்குவது இப்போது எளிதாகிவிட்டது. பலர் அதைத் தூய்மைப்படுத்தலாகக் கருதுகின்றனர். முதற்பொருளையும் கருப்பொருளையும் விலக்கிவிட்டு உரிப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு நெய்தலைப் பேச இயலுமாயின் அதுவும் இயலும். ஒரு தடத்தைக் கடலுக்கே ஒதுக்கிவிட்டால் இச்சிக்கல் எழாது. குரலுக்கு அருகே வைத்த தடத்தில் அலை குறைவாகவும், கடற்றடத்தில் அலை முழுமையாகவும் இருக்கும். எதையும் அழிக்க வேண்டிய தேவை நேராது.

இனி, இக்கருவியால் வரக்கூடிய கேடு ஒன்றும் உண்டு. கருவியைப் போற்றுவோர் இதைப் பேசுவதில்லை. கலந்து பதிவான பாட்டிலிருந்து ஒருவர் குரலை மட்டும் எடுத்து வணிகம் செய்வது கடினம். தனித்தடத்தில் பதிவான குரலை எடுத்து வேறு இசையோடு ஒட்டுவது சில நிமிட வேலை. முகவீணைக் கலைஞர் ஒருவரின் இரவு முழுவதையும் தனியே கையில் வைத்திருக்கும் ஆய்வாளர், அவர் உழைப்பின் சாவியை வைத்திருக்கிறார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விரிவாக்கியது. பாடகரும் இசைப்பவரும் அதில் அடங்குவர். ஆய்வேடுகளில் தகவலாளரிடம் பெறும் ஒப்புதல், பெறப்படும் இடங்களிலும், ‘பாடலைப் பயன்படுத்திக்கொள்ள’ என்ற பொதுத்தொடரோடு நின்றுவிடுகிறது. பல்தடப் பதிவுக்கு அது போதாது. தம் குரல் தனியே நிற்கும் கோப்பு ஒன்று உண்டு என்பதைக் கலைஞர் கேட்டறிந்து, அக்கோப்பை யாரிடம், எதற்குத் தரலாம் என்பதைத் தனியே சொல்லியிருக்க வேண்டும்.

விலையைப் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். உதவித்தொகை இல்லாமல், தம் செலவில் பேருந்தேறிக் களத்துக்குச் செல்லும் முனைவர் பட்ட ஆய்வாளரிடம் எட்டுத் தடக் கருவியை வாங்கு என்பது கொடுமை. இயற்பியல் மாணவர் அலைகாட்டியைத் தாமே வாங்கி வருவதில்லை. அது துறையின் உடைமை, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்வது. தமிழ்த்துறைக்கும் அவ்வாறே ஒரு பெட்டி இருக்கலாம். ஒரு பெட்டி பத்து ஆய்வாளர்க்குப் போதும். கூத்து நாள்தோறும் நிகழ்வதன்று. இன்றைய தடை நிதி மட்டுமன்று. கருவி கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு ‘தமிழாய்வுக்கு இது எதற்கு’ என்ற குறிப்பு எழுதப்படும் என்னும் அச்சம், விண்ணப்பம் எழுதப்படுவதையே தடுத்துவிடுகிறது.

கருவி கிடைக்கும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியதும் உண்டு. ஆய்விதழ்களும் தேர்வுக் குழுக்களும் வாய்மொழிப் பனுவலை ஏற்கும்போது ஒரு பதிவுக்குறிப்பைக் கேட்கலாம். நாள், இடம், நேரம், நிகழ்வின் சூழல், ஒலிவாங்கிகள் எத்தனை, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது, முன்பெருக்கியில் வைத்த அளவு, மாதிரி வீதமும் பிட் அளவும், எத்தடத்திலிருந்து எவ்வடி எழுதப்பட்டது, கேட்டுத் தெளிய முடியாத இடங்கள் எவை என அரைப்பக்கத்தில் அது அடங்கும். செல்பேசியில் பதிந்தவரும் செல்பேசி என்றே எழுதலாம். அதில் இழிவு இல்லை. சிதைந்த ஏட்டைச் சிதைந்த ஏடு என்று குறித்த பதிப்பாசிரியரை எவரும் குறைத்து மதிப்பிட்டதில்லை. கேட்க முடியாத அடிக்குப் புள்ளிகள் இடும் துணிவு வந்துவிட்டால், பின்னிணைப்புகளில் இப்போது காணும் ஐயத்துக்கிடமான ஒழுங்கில் பாதி தானே கலைந்துவிடும்.

பதிவின் பிற்காலம் பற்றிய ஏற்பாடும் அக்குறிப்பிலேயே இடம்பெற வேண்டும். எட்டுத் தடம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எனில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.15 ஜிபி, எட்டு மணி நேரக் கூத்துக்கு 33 ஜிபி. எட்டுத் தடங்களையும் ஒரே வேவ் கோப்பில் எழுதினால், 4 ஜிபி என்ற அதன் வரம்பை ஒரு மணி நேரம் கடந்ததும் தொட்டுவிடும். தடத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து எழுதுவது அச்சிக்கலைத் தவிர்க்கும். ஒரு படி ஆய்வாளரிடம், ஒரு படி துறையில், ஒரு படி வெளியே ஓர் ஆவணக் காப்பகத்தில் என மூன்று இருத்தல் நன்று. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமும், 1982இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இன இசையியல் காப்பகமும் இத்துறையில் வழி காட்டியவை. நான்காவது படி கூத்து வாத்தியாருடையது. அவருக்குத் தனித்தடக் கோப்புகளை மட்டும் கொடுத்தால் அவர் செல்பேசியில் அவற்றைச் சேர்த்துக் கேட்க வழியிராது. மக்கள் பக்கத்து இணையை அடிப்படையாகக் கொண்டு கலந்த, எளிதில் திறக்கும் ஒரு கோப்பையும் உடன் தர வேண்டும். எல்லாம் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கும். எழுத்துப்பெயர்ப்பு முடிந்ததும் அக்கோப்பை அவரோடு அமர்ந்து ஒருமுறை முழுவதும் கேட்டால், எந்த அடி யாருடையது என்பதை அவரே திருத்திச் சொல்வார்.